தரையில் அமர்ந்த ஆர்கன்

சிறுமலைக்கும் கொடைக்கானல் மலைத்தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கின்ற திண்டுக்கல் சமவெளியில், பங்குனி சித்திரை மாதங்களில் அம்மனுக்குச் சாமி சாட்டிய ஊர் எதிலேனும் இரவு பத்து மணிக்குமேல் தொடங்கி விடியும் வரையில் நடைபெறுகின்ற வள்ளி திருமணம் நாடகத்தைக் கண்டவர்கள், திரை விலகுவதற்கு முன்னால் மேடையின் ஓரத்தில் நிகழ்கின்ற ஒரு சிறு காரியத்தைக் கவனித்திருக்கக் கூடும். வேஷம் கட்டிய நடிகை திரைமறைவிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே, அஞ்சரைக் கட்டையிலே வையுங்க" என்கிறாள். பெட்டிக்காரர் என்று அந்த வட்டாரத்தார் உரிமையோடு அழைக்கின்ற ஆர்மோனிய வித்துவான், கால்களால் துருத்தியை மிதித்துக்கொண்டே ஒரு கருங்கட்டையை விரலால் அழுத்துகிறார். அந்த நாதம் ஒலிபெருக்கியின் வழியாகப் பனங்காட்டைத் தாண்டி அடுத்த ஊர் வரையில் பரவுகிறது. மிருதங்கக்காரர் அதற்குச் சேர்த்துத் தம் வாத்தியத்தைத் தட்டிப் பார்க்கிறார். பிறகுதான் நாடகம்.

'அஞ்சரைக் கட்டை' என்ற அந்தச் சொல்லை நான் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். ஒருவருக்குக் குரல் நன்றாக மேலே எழும்பினால் 'எட்டுக்கட்டைக் குரல்' என்று புகழ்வதும், கச்சேரிக்கு வரும் பாகவதரின் சுருதியை 'ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை' என்று விசாரிப்பதும், நாகஸ்வரக்காரர்கள் தங்கள் குழலையே 'இரண்டு கட்டைக் குழல்' என்று குறிப்பிடுவதும் நமக்கு எவ்வளவு இயல்பாகிவிட்டன என்றால், இந்தக் கட்டை என்பது எந்தக் கட்டை என்று எவரும் நின்று கேட்பதில்லை. அது ஆர்மோனியப் பெட்டியின் மேல் வரிசையாகக் கிடக்கின்ற மரக்கட்டையே. மேலைநாட்டார் 'ஸி' என்று பெயரிட்டழைக்கும் வெள்ளைக் கட்டை நமக்கு முதற் கட்டை. அதற்கடுத்த கருங்கட்டை ஒன்றரை. பின்னர் இரண்டு, இரண்டரை, மூன்று. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கருங்கட்டை கிடையாதாகையால், சங்கீத உலகில் மூன்றரைக் கட்டைச் சுருதி என்பதும் கிடையாது. நான்கு, நான்கரை, ஐந்து, ஐந்தரை என்று அது மேலே ஏறி, ஏழோடு ஒரு ஸ்தாயி நிறைகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இசை மரபுடைய ஒரு தேசத்தார் தம் குரலின் உயரத்தை அளப்பதற்கு, மேலைநாட்டுத் தொழிற்சாலை ஒன்றில் பிறந்த விசைப்பலகையைக் கோலாகக் கொண்டார்கள் என்பது சாதாரண விஷயமன்று. அந்தக் கோல் எங்கிருந்து புறப்பட்டு, யார் யார் கைபட்டு, எப்படித் திண்டுக்கல் நாடக மேடைக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

காற்றினால் அதிர்கின்ற ஓர் உலோக நாக்கு. அந்த நாக்குப் பொருந்தியும் பொருந்தாமலும் நுழைந்து வெளிவருமாறு வெட்டப்பெற்ற ஒரு துவாரம். இவ்வளவுதான் ஆர்மோனியத்தின் மூல தத்துவம். இத்தத்துவத்தை முதலில் அறிந்தவர்கள் கீழ்த்திசையினர். சீனத்தில் 'ஷெங்' என்று வழங்கும் வாய்வாத்தியத்தில், மூங்கிற் குழல்களின் அடியில் இத்தகைய நாக்குகள் பொருத்தப்பெற்றிருக்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக்கு அவ்வாத்தியங்கள் சில சென்று சேர்ந்தன. ஐரோப்பியக் கைவினைஞர்கள் பலர் அதே தத்துவத்தைத் துருத்தியோடும் விசைப்பலகையோடும் சேர்த்துப் பலவாறாக முயன்று பார்த்த பிறகு, 1842-ஆம் ஆண்டில் பாரிஸில் அலெக்ஸாந்தர் தெபேன் என்பவர் 'ஆர்மோனியம்' என்ற பெயரால் தம் வாத்தியத்துக்கு அரசாங்கத்தாரிடம் தனியுரிமை பெற்றார். மாதாகோயில்களில் சுவர் முழுவதையும் அடைத்து நிற்கின்ற குழல் ஆர்கனை வாங்கும் சக்தியில்லாத சிற்றூர்க் கோயில்களுக்கும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது ஏற்ற வாத்தியமாயிற்று.

ஆயினும் அதனை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தவர்கள் அமெரிக்கர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்த நாட்டில் பியானோவும், நாக்குகளால் ஒலிக்கின்ற சிறிய ஆர்கனும் செய்கின்ற தொழில் வளர்ந்த வேகம், அதற்குமுன் எந்த வாத்தியத்துக்கும் எந்த நாட்டிலும் வாய்த்ததாக நான் அறியேன். வெர்மான்ட் மாகாணத்திலுள்ள பிராட்டில்பரோ என்ற சிறிய ஊரில், ஜேக்கப் எஸ்டி என்பவர் வளர்த்த ஸ்தாபனம் தீ விபத்துக்களாலும் 1869-ஆம் ஆண்டின் வெள்ளத்தாலும் அடிபட்ட பின்னர், மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்து, இனி நெருப்புக்கு இரையாகலாகாது என்று தன் கட்டடங்களின் சுவர்களையெல்லாம் கற்பலகைகளால் போர்த்திக்கொண்டு நின்றது. மொத்தத்தில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆர்கன்கள் அந்த ஒரே ஸ்தாபனத்திலிருந்து வெளியே வந்தன. பாஸ்டன் நகரத்தில் 1854-ஆம் ஆண்டில் தோன்றிய மேசன் - ஹாம்லின் கம்பெனியின் பங்குதாரராகிய எம்மன்ஸ் ஹாம்லின், பித்தளை நாக்கைச் சற்றே வளைத்து முறுக்கினால் அதன் கரகரப்பு நீங்கிக் குரல் இனிமையாகின்றது என்று கண்டவர். நியூ ஜெர்சியில் வாஷிங்டன் என்ற பெயருடைய மற்றொரு சிற்றூரிலிருந்து டேனியல் பீட்டி என்ற வியாபாரி பத்திரிகைகளில் விளம்பரம் செய்து, கடை என்ற இடைநிலையே இல்லாமல், கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் ரயிலில் ஏற்றி ஆர்கன் அனுப்பினார். பியானோவின் கதியும் அப்படியே: மரச்சட்டம் தாங்காத கம்பிகளின் இழுப்பைத் தாங்குவதற்கு வார்ப்பிரும்புச் சட்டம் வந்தது, 1853-இல் நியூ யார்க்கில் தொடங்கிய ஸ்டைன்வே போன்ற குடும்பங்கள் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஓட்டி நாதத்தைப் பெருக்கினார்கள், தவணை முறையில் பணம் கட்டலாம் என்ற வசதி சேர்ந்தவுடன் தையல் இயந்திரத்தைப்போலப் பியானோவும் குடும்பத்துக்கு இன்றியமையாப் பொருளாகிவிட்டது. 1909-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மட்டும் மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பியானோக்கள் செய்யப்பெற்றன.

இவ்வளவு பெரிய வியாபாரத்தின் அலை நம் கரையில் வந்து மோதாமல் இருக்குமா? சென்னையில் 1842-ஆம் ஆண்டிலேயே மிஸ்க்வித் கம்பெனி என்ற பெயரால் ஒரு வாத்தியக் கடை ஏற்பட்டுவிட்டது. பிற்காலத்தில் மவுண்ட் ரோட்டில் 'மூஸே மூசிக்கல்' என்று பெயர் பெற்று நிலைத்தது அதுவே. துரைமார்களின் பங்களாக்களுக்கும், தேவாலயங்களுக்கும், ஜமீன்தார்களின் அரண்மனைகளுக்கும் பியானோக்களும் ஆர்கன்களும் கப்பலில் வந்து இறங்கின. வந்தவை எல்லாம் பிழைத்தனவா என்றால் அதுதான் இல்லை. லண்டன் குளிரில் பிசின் வைத்து ஒட்டப்பெற்ற பலகை நம் அக்கினி நட்சத்திரத்தில் வாய் பிளந்தது. ஐப்பசி மழையில் கட்டைகள் ஊதி ஒன்றோடொன்று இறுகிக்கொண்டன. கம்பளிச் சுத்தியலைப் பூச்சி அரித்தது. அடிப்பலகையைக் கரையான் தின்றது. இதனால் வெப்ப நாடுகளுக்கென்றே தனியாக, பிசினை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணிகளால் முடுக்கி, தேக்கு மரத்தால் மேற்பெட்டி செய்து அனுப்பும் வழக்கம் மேலைநாட்டுத் தொழிற்சாலைகளில் ஏற்பட்டது. அப்படி அனுப்பியும், செப்பனிடத் தெரிந்த ஆள் இல்லாத ஊரில் பியானோ என்பது சில ஆண்டுகளில் பூச்சாடி வைக்கும் மேசையாக முடிந்தது.

திண்டுக்கல்லின் நிலையை இங்கே சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் இருப்புப்பாதை 1875-ஆம் ஆண்டில் இவ்வூரின் வழியாகத் திறக்கப்பெற்றது. மலைக்கோட்டையின் நிழலில் புகையிலையும், பருத்தியும், ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலும், பூட்டும் விற்று வாழ்ந்த ஊர் இது. அமெரிக்க மதுரை மிஷனார் இங்கே ஒரு நிலையம் அமைத்துப் பள்ளியும் மருத்துவசாலையும் நடத்தி வந்தார்கள். கத்தோலிக்கர்களின் சூசையப்பர் ஆலயம் 1872-இல் கட்டி முடிக்கப்பெற்றது. சுதேச மெட்டில் பாடாவிட்டால் ஜனங்களின் நெஞ்சில் பாட்டுத் தங்காது என்பதை உணர்ந்த அந்த மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் பாதிரியார், தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேர்த்து 1853-ஆம் ஆண்டில் ஒரு ஞானப்பாட்டுப் புத்தகம் வெளியிட்டிருந்தார். எனவே ஒருபுறம் இராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனை, மற்றொருபுறம் மிஷன்கள் உலகமெங்கும் கொண்டு சென்ற சிறிய ஆர்கன் என்ற இரண்டும் ஒரே கூரையின்கீழ்ச் சந்திப்பதற்கான காலம் கனிந்திருந்தது. ஆனால் அவை இணைந்து வாழ வேண்டுமானால் வாத்தியத்தின் உருவமே மாற வேண்டியிருந்தது. அந்த மாற்றம் கல்கத்தாவில் நிகழ்ந்தது.

திண்டுக்கல்லுக்கு ரயில் வந்த அதே 1875-ஆம் ஆண்டில், துவாரகநாத கோஷ் என்ற வங்காளிக் கைவினைஞர் கல்கத்தாவில் ஒரு வாத்தியக் கடை தொடங்கினார். லண்டனில் தாமஸ் டாக்கின்ஸ் என்ற வாத்தியக்காரரிடமிருந்து அவர் சரக்கு வரவழைத்து வந்தமையால், துவாரகநாதரின் பெயரில் ஒரு பாதியும் டாக்கின்ஸ் பெயரில் ஒரு பாதியும் சேர்த்து 'துவார்கின்' என்று கடைக்குப் பெயர் சூட்டும்படி யோசனை சொன்னவர், குழந்தைகளுக்காக எழுதிப் புகழ் பெற்ற உபேந்திரகிஷோர் ராய் சௌதுரி. துவாரகநாதர் வெளிநாட்டு ஆர்மோனியத்தைக் கூர்ந்து நோக்கியபோது அவருக்குத் தோன்றியிருக்கக்கூடிய கேள்விகளை நாமும் எளிதில் ஊகிக்கலாம். நம்மவர்கள் பாய் விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து பாடுகிறவர்கள். அவர்களுக்கு நாற்காலி எதற்கு, கால்மிதி எதற்கு? நம் சங்கீதத்தில் ஒரு குரலுக்கு மற்றொரு குரல் இணையாக நடந்து செல்லும் சம்பிரதாயம் இல்லை. ஒரே வரிசையாக ஓடுகின்ற இராகத்துக்கு ஒரு கை போதாதா? அப்படியானால் மறு கை சும்மா இருப்பானேன்? அது துருத்தியை ஊதட்டும். இந்தச் சிந்தனையின் விளைவாகக் கால்கள் வெட்டப்பெற்று, மிதிகள் நீக்கப்பெற்று, துருத்தி பெட்டியின் பின்புறத்தில் மடிப்புக் கதவாக நிமிர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் ஆர்கன் தரையில் அமர்ந்தது. ஒரு மனிதன் தோளில் தூக்கிச் செல்லக்கூடிய வாத்தியம் ஆயிற்று.

இதனை ஒரு சிறு திருத்தம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. ஒரு வாத்தியத்தின் உடலை மாற்றுவது, அதனை வாசிப்பவனின் உடல் அமர்ந்திருக்கும் விதத்தையும், அவனைச் சுற்றி ஜனங்கள் கூடியிருக்கும் விதத்தையும் அறிந்தவனால்தான் இயலும். பெட்டியைத் திறந்து உள்ளே பார்த்தால் அந்த அறிவின் நுட்பம் இன்னும் விளங்கும். கையால் ஊதப்படும் வெளித்துருத்தியின் காற்று நேரே நாக்குகளுக்குச் செல்வதில்லை. அடியிலே விற்சுருள்களால் அழுத்தப்பெற்ற மற்றோர் உட்துருத்தி இருக்கிறது. வெளித்துருத்தி அதனை நிரப்ப, அது தன் விசையால் ஒரே சீராகக் காற்றை மேலே தள்ளுகின்றது. ஆதலால் கை விட்டுவிட்டு அசைந்தாலும் நாதம் விட்டுவிட்டு ஒலிப்பதில்லை. அமெரிக்க ஆர்கன் காற்றை உள்ளே உறிஞ்சி ஒலிப்பது. தெபேனுடைய வழி வந்த நம் பெட்டியோ காற்றை வெளியே தள்ளி ஒலிப்பது. அதனால்தான் அதன் குரலில் ஒரு கணீரென்ற கூர்மை இருக்கின்றது. மேலே ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு சிறு துவாரம், துவாரத்தை மூடிய மெல்லிய தோல் ஒட்டிய வால்வு, அதன்கீழே பித்தளைத் தகட்டில் தறைந்த பித்தளை நாக்கு. கட்டையை அழுத்தினால் வால்வு திறக்கும், காற்றுப் பாயும், நாக்கு அதிரும். முன்புறத்தில் உள்ள குமிழ்களை இழுத்தால் ஆதார சுருதி இடைவிடாது நிற்கும். பாடகர்கள் தம்புராவிடமும், நாகஸ்வரக்காரர்கள் ஒத்திடமும் எதிர்பார்த்த அந்தச் சேவையையும் பெட்டியே செய்துவிடுகிறது. கட்டைகளையெல்லாம் நீக்கித் துருத்தியையும் ஆதார நாக்குகளையும் மட்டும் நிறுத்திக்கொண்டபோது பிறந்ததுதான் நம் சுருதிப் பெட்டி.

துருத்தி என்ற சொல்லை நான் வேண்டுமென்றே உபயோகிக்கிறேன். கொல்லனுடைய உலைக்களத்தில் ஊதும் தோற்பைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் அது; தோற்பையில் காற்றை நிரப்பி அக்குளில் இடுக்கிக்கொண்டு சுருதி ஊதுகின்ற 'துத்தி' என்ற வாத்தியமும் நம் கிராமங்களில் இருந்தது. ஆர்மோனியத்துக்குள் இருக்கும் பொருள்களில் ஒன்றுகூட நமக்கு அந்நியமன்று. தோல் பதனிடுகிறவன், பித்தளை அறுக்கிறவன், அரம் போடுகிறவன், தச்சன் ஆகிய நால்வரும் திண்டுக்கல் கடைத்தெருவின் நூறு அடி தூரத்துக்குள் இருந்தவர்களே.

இதனை நான் கண்ணால் கண்ட ஒரு சம்பவம் உண்டு. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்த நாடக ஆர்மோனியக்காரர் ஒருவருடைய பெட்டியில், நடுஸ்தாயியில் ஒரு நாக்கு முறிந்துபோயிற்று. மறுநாள் இரவு நாடகம். மதுரைக்குப் போய் வாங்கிவர அவகாசம் இல்லை. அவர் அந்தத் தகட்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பூட்டுப் பட்டறை ஒன்றுக்குச் செல்ல, வேடிக்கை பார்க்க நானும் பின்னால் போனேன். பட்டறைக்காரர் வயோதிகர். பித்தளை நெம்புகளையும் விற்களையும் கையால் அறுத்து, சாவிக்குச் சாவி வேறுபடும்படி அரம் போட்டே வாழ்நாளைக் கழித்தவர். "ஐயா, இதைப் பாட வைக்கணும்" என்று ஆர்மோனியக்காரர் தகட்டை நீட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு நறுக்கை வெட்டி, துவாரத்துக்கு மயிரிழை இடைவெளி விட்டுப் பொருந்துமாறு அதன் ஓரங்களை ராவி, ஆணியடித்துத் தறைந்து கொடுத்தார். வாயில் வைத்து ஊதினால் அது பாடிற்று. ஆனால் சுருதி தாழ்ந்திருந்தது. "நுனியைக் கொஞ்சம் சுரண்டுங்க ஐயா, ஏறும், அதிகமாகப் போனால் அடியைச் சுரண்டினால் இறங்கும்" என்றார் இவர். முதியவர் நுனியில் அரத்தை இரண்டு முறை ஓட்டினார். ஊதிப் பார்த்தார்கள். மறுபடி ஒரு முறை ஓட்டினார். ஏறக்குறைய ஒரு மணி நேரம், இரண்டு முதியவர்கள் ஒரு நகத்தளவு பித்தளையின்மேல் குனிந்து, ஒருவர் காதாலும் ஒருவர் கையாலும் அதனைத் தேடிக்கொண்டிருந்த காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. கூலி என்ன என்று கேட்டபோது, நாடகத்துக்கு முன்வரிசையில் ஒரு பாய் போட்டு வைத்தால் போதும் என்றார் பட்டறைக்காரர். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததாகச் செய்தித்தாளில் படித்தபோது, எனக்கு அந்தப் பட்டறையே நினைவுக்கு வந்தது.

நாக்குகள் விஷயத்தில் மட்டும் நம் நாடு நெடுங்காலம் வெளிநாட்டையே நம்பியிருந்தது. பாரிஸிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த நாக்குகளைப் பொருத்திய பெட்டிகளுக்கே பெருமதிப்பு. பிற்பாடு சௌராஷ்டிரத்தில் சமணர்களின் புண்ணிய ஸ்தலமாகிய பாலிதானாவில் நாக்குச் செய்யும் தொழில் வேரூன்றி, இன்று இந்தியா முழுவதும் உள்ள பெட்டிகளுக்கு அந்த ஊரே தொண்டை கொடுக்கின்றது.

இனிச் சங்கீதத்தின் பக்கம் வருவோம். இங்கே திண்டுக்கல்லுக்கு உரிய பெருமை ஒன்று இருக்கிறது, அதை இவ்வூராரே அதிகமாக அறிந்திருக்கவில்லை என்பது என் நெடுநாளைய வருத்தம். தென்காசிக்கு அருகே சாம்பவர்வடகரையில் 1859-ஆம் ஆண்டில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், உபாத்தியாயர் பயிற்சிக்காகத் திண்டுக்கல்லுக்கு வந்து, படித்த இடத்திலேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். சடையாண்டி பட்டர் என்ற வித்துவானிடம் அவர் பிடில் கற்றுக்கொண்டது இந்த ஊரில்தான். பின்னர்த் தஞ்சாவூருக்குக் குடிபெயர்ந்து, சித்த வைத்தியத்தால் பெருஞ்செல்வம் ஈட்டி, அச்செல்வத்தைச் சங்கீத ஆராய்ச்சிக்கே செலவிட்டு, 1912-ஆம் ஆண்டில் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, 1917-ஆம் ஆண்டில் 'கருணாமிர்த சாகரம்' என்ற மாபெரும் நூலை வெளியிட்டார். ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதிகள் என்பது அவருடைய வாழ்நாள் விசாரம்.

அவ்விசாரத்துக்கும் ஆர்மோனியத்துக்கும் உள்ள சம்பந்தம் ஆழமானது. மேலைநாட்டார் எந்தச் சுருதியிலிருந்து தொடங்கினாலும் ஒரே மாதிரி வாசிக்க வேண்டும் என்ற வசதிக்காக, ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பங்கிட்டுக் கட்டைகளை அமைத்தார்கள். சமமாகப் பங்கிட்டால் இயற்கையான இடங்களிலிருந்து ஸ்வரங்கள் சிறிது விலகும். தம்புராவின் கம்பியிலிருந்து தானாகப் பிறக்கின்ற அந்தர காந்தாரத்தோடு பெட்டியின் காந்தாரத்தை ஒட்டிக் கேட்டால், பெட்டியினுடையது சற்றே உயர்ந்து நிற்பதைப் பழகிய காது உணரும். இக்குறையை நீக்க எண்ணி, பம்பாய் மாகாணத்தில் நீதிபதியாக இருந்த கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேயரும், தேவல் என்ற மராத்தியப் பெரியவரும், இருபத்திரண்டு சுருதிகளை ஒலிக்கும் 'சுருதி ஆர்மோனியம்' ஒன்றை லண்டனில் செய்வித்தார்கள். 1916-ஆம் ஆண்டில் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டில் அது சபையோர் முன் வைக்கப்பெற்றது. ஆபிரகாம் பண்டிதரும் அங்கே தம் பெண்மக்களோடு சென்றிருந்தார். இருபத்திரண்டு என்ற கணக்குப் பிழையென்றும், பன்னிரண்டு சம பாகங்களும் அவற்றை இரட்டித்த இருபத்து நான்கும் நம் பண்டைத் தமிழிசைக்கே உரியவை என்றும் வாதித்தார். அவர் முடிவை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் இருக்கிறார்கள். என் மனத்தைக் கவர்வது வேறொன்று. மேலைநாட்டு விசைப்பலகை சமமாக வெட்டி வைத்த அதே படிகளைத் திண்டுக்கல்லில் பிடில் பயின்ற ஒரு தமிழ்ப் பண்டிதர், இளங்கோவடிகளின் காலத்து ராசி வட்டத்திலிருந்து கணித்து எடுத்தார். அந்நியமென்று பலர் ஒதுக்கிய பெட்டிக்கு நம் பழைய நூல்களிலேயே ஓர் ஆசனம் இருப்பதாகக் காட்டினார்.

ஒதுக்கியவர்கள் சாமானியர்கள் அல்லர் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஈழத் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி ஆர்மோனியத்தை வெறுத்தார். பாரதியார் 'சங்கீத விஷயம்' பற்றி எழுதியபோது அதனைக் கடுமையாகச் சாடினார். கட்டையிலிருந்து கட்டைக்குத் தாவுகின்ற வாத்தியத்தில் கமகம் எப்படிப் பிறக்கும், தோடியின் காந்தாரத்தை எப்படி அசைப்பது என்ற அவர்களுடைய ஆட்சேபம் நியாயமானது; அதற்கு விடை சொல்லத் தேவையில்லை. அகில இந்திய வானொலியில் மேலைச் சங்கீதப் பிரிவில் பணியாற்றிய ஜான் ஃபௌல்ட்ஸ் என்ற ஆங்கில இசைஞரும் அதற்கு விரோதமாக எழுதினார். 1940-ஆம் ஆண்டு ஜனவரியில் ரவீந்திரநாத தாகூர் கல்கத்தா நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். அவ்வாண்டு மார்ச்சு முதல் தேதியிலிருந்து வானொலி நிலையங்களில் ஆர்மோனியம் விலக்கப்பெற்றது. 1938-இல் சென்னையிலும் 1939-இல் திருச்சியிலும் தொடங்கிய நிலையங்களின் கதவும் அதற்குச் சாத்தப்பெற்றது. 1971-ஆம் ஆண்டில் அந்தத் தடை ஓரளவு தளர்ந்தது.

முப்பது ஆண்டு! பெரியோர்களின் சங்கீத அபிப்பிராயத்தில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்த முப்பது ஆண்டுகளில், துருத்தி ஒட்டியும் நாக்கு ராவியும் பிழைத்த கைவினைஞர்களையும், பெட்டியை மட்டுமே கற்றிருந்த வித்துவான்களையும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லையே என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது. பல்லடம் வெங்கடரமண ராவ் போன்றவர்கள், விரல் தாவும் வேகத்தாலும் துருத்தியின் அழுத்தத்தாலும் கமகத்தின் சாயலைக் கர்நாடக சங்கீதத்துக்கு ஏற்றபடி பெட்டியிலேயே வரவழைத்துக் காட்டினார்கள். அத்தகைய சாதகத்துக்கு உரிய சபை கிடைத்ததா என்றால், குறைவாகவே கிடைத்தது.

சபை தராத ஸ்தானத்தை நாடக மேடை தந்தது. பார்சி நாடகக் கம்பெனிகள் தெற்கே யாத்திரை வந்தபோது அவர்களோடு வந்த ஆர்மோனியம், சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துத் தமிழ் நாடகத்தில் உயிர்நாடியாயிற்று. 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த சுவாமிகளின் நாடகங்கள் பாட்டாலேயே நடப்பவை. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், ஆயிரம் பேர் நடுவே நடிகரின் குரலுக்குத் தோள் கொடுத்து, அவர் மூச்சு வாங்கும்போது அடியைத் தாமே பாடிப் பின்பாட்டுச் சொல்லி, தவறிய சுருதியை எடுத்துக் கொடுத்தவர் பெட்டிக்காரர். செங்கோட்டை கிட்டப்பாவின் அபாரமான குரல் மேலே பறந்தபோது கீழே ஆர்மோனியத்தில் இருந்தவர் அவருடைய தமையனார் காசி ஐயர். 1933-ஆம் ஆண்டில் இருபத்தேழு வயதிலேயே கிட்டப்பா மறைந்தார். ஆனால் அவர் வளர்த்த ஸ்பெஷல் நாடகம், ஒத்திகை இல்லாமல் அந்தந்த இரவுக்கு நடிகர்களைத் தனித்தனியாக அமர்த்தி நடத்துகின்ற அந்த விசித்திரமான கலை, இன்றும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் முதலிய ஊர்களில் நடிகர் சங்கங்களோடு நிலைத்திருக்கிறது. ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராத இராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் மேடையில் சந்திக்கும்போது, இருவருக்கும் பொதுவாக இருப்பது சுவாமிகளின் பாடமும் பெட்டிக்காரர் கொடுக்கும் கட்டையுமே. இந்த மேடையில் பெரும்பாலும் கால்மிதியுள்ள பெரிய ஆர்மோனியமே உபயோகம். இரு கைகளும் விடுபட்டு இருப்பதால் நாதம் நிறைந்து ஒலிக்கும். கல்கத்தாவில் தரைக்கு இறங்கிய வாத்தியம் நாடகத்துக்காக மறுபடியும் எழுந்து நின்றது என்று சொல்லலாம்.

போன சித்திரையில் வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வள்ளி திருமணம் பார்க்கப் போயிருந்தேன். ஆர்மோனியக்காரரின் பக்கத்தில் மின்சார விசைப்பலகை ஒன்றும் இருந்தது; சினிமா மெட்டுக் கேட்கும் ரசிகர்களுக்கு அது வேண்டியிருக்கிறது. நாரதர் வருவதற்கு முன்பு சற்று ஓய்வு கிடைத்தபோது நான் மேடையின் பின்புறமாகச் சென்று அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இதிலே எல்லாம் வருது தம்பி, பிசகே கிடையாது, ஆனா காத்து இல்லை" என்றார் அவர். பிறகு, பழைய பெட்டியின் மேற்பலகையைத் திறந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பேனாக் கத்தியை எடுத்து, கட்டைவிரலால் ஒரு நாக்கைத் தூக்கிப் பிடித்து, அதன் நுனியை மெதுவாகச் சுரண்டினார். ஊதிக் கேட்டார். இன்னும் ஒருமுறை சுரண்டினார். வெளியே ஊர்ப் பெரியவர் ஒலிபெருக்கியில் நன்கொடையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் பலகையை மூடி, திருகாணியை முடுக்கி, மிதியில் காலை வைத்து ஐந்தரைக் கட்டையை அழுத்தினார்.